மீ.பொ.வ தப்பாக வருகிறதா? அடைப்புக்குறிக்குள் பாருங்கள்

அடுக்குகள் உள்ள உறுப்புகளுக்கு மீ.பொ.வ (மீப்பெரு பொது வகுத்தி, அதாவது எல்லா உறுப்புகளையும் மீதியின்றி வகுப்பவற்றுள் பெரியது) காணும் கணக்கில் விடை தப்பு என்று தெரிந்ததும் பிள்ளைகள் முதலில் தேடுவது அழிரப்பரைத்தான். மொத்தத்தையும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி போடுவார்கள். எங்கே தவறியது என்று தெரியாததால் அதே இடத்தில் அதே தப்பு திரும்ப வரும். சாயங்காலங்களில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கேட்காது. ஏனென்றால் அழித்த அந்த வரியிலேயே தப்பு என்ன என்பதற்கான அடையாளம் இருந்திருக்கும்.

அதனால் அழிக்காதீர்கள். நீங்கள் கண்ட மீ.பொ.வ-வை வெளியே எழுதி, ஒவ்வொரு உறுப்பையும் அதால் வகுத்து, ஈவுகளை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அந்த அடைப்புக்குறிக்குள் என்ன வந்திருக்கிறது என்பதை வைத்தே கோளாறு எது என்று சொல்லிவிடலாம். கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் போகிறேன். உங்கள் நோட்டில் இருப்பது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மீப்பெரு பொது வகுத்தி, மீப்பெரு பொதுக் காரணி, இலங்கைப் பாடநூல்களில் வரும் பொ.கா.பெ எல்லாம் ஒன்றுதான். நான் அடுக்கு, கெழு (எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண்) என்று சொல்வதை அங்கே சுட்டி, குணகம் என்பார்கள். மாறிகளுக்கு க, ச, ப என்ற எழுத்துகளை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் நோட்டில் எக்ஸ், ஒய், இசட் என்று இருந்தால் அப்படியே மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

அடைப்புக்குறிக்குள் பின்னம் வருகிறது, அல்லது அடுக்கு குறையெண் ஆகிறது

இதுதான் அதிகம் வரும் கோளாறு, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

12க³ச², 18க²ச⁵ என்ற இரண்டு உறுப்புகள். விடை 6க³ச⁵ என்று எழுதியிருக்கிறீர்கள். வகுத்துப் பார்த்தால் முதல் உறுப்பு 2/ச³ என்று ஆகிறது, இரண்டாவது 3/க என்று ஆகிறது. இரண்டிலும் எழுத்து கீழே போய்விட்டது. அப்படிப் போனால் ஒரே பொருள்தான்: இல்லாததை வெளியே எடுத்திருக்கிறீர்கள். முதல் உறுப்பில் ச இரண்டு முறைதான் இருக்கிறது, நீங்கள் ஐந்து கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "அக்கா, பேரிலேயே மீப்பெருன்னு இருக்கே, அப்போ பெரிய அடுக்கைத்தானே எடுக்கணும்?" நியாயமான கேள்வி. பெயர்தான் அவளைத் தப்பான பக்கம் தள்ளியிருக்கிறது. நான் அவளிடம் பெயரைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னேன். வகுத்தி: அது வகுக்க வேண்டும், மீதி வரக்கூடாது. பொது: ஒன்றை வகுத்தால் போதாது, எல்லா உறுப்பையும் வகுக்க வேண்டும். இந்த இரண்டிலும் தேறியவற்றுள் பெரியது எதுவோ அதுதான் மீப்பெரு. 'பெரு' என்பது கடைசிச் சலிப்பு. முதலிலேயே அதைப் பிடித்துக்கொண்டால்தான் சிக்கல்.

அப்புறம் அவளையே பென்சிலால் விரித்து எழுதச் சொன்னேன்:

12க³ச² = 2 · 2 · 3 · க · க · க · ச · ச
18க²ச⁵ = 2 · 3 · 3 · க · க · ச · ச · ச · ச · ச

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஜோடி சேர்த்து வட்டம் போட்டாள். 2-க்கு ஒரு ஜோடி, 3-க்கு ஒரு ஜோடி. க-வுக்கு இரண்டு ஜோடி, மேல் வரியில் ஒரு க துணையில்லாமல் நின்றுவிட்டது. ச-வுக்கும் இரண்டு ஜோடி, கீழே மூன்று ச தனியாக நின்றன. ஜோடி சேர்ந்தவை 2 · 3 · க · க · ச · ச, அதாவது 6க²ச². ஜோடி சேராமல் நின்றவை மேலே 2க, கீழே 3ச³. அவைதான் அடைப்புக்குறிக்குள் வரும் ஈவுகள். வட்டம் போட்டு முடித்ததும் அவளே, "குறைச்சலா இருக்கிற பக்கம் தீர்ந்துடுச்சுன்னா அதுக்கு மேல ஜோடி இல்லைல்ல?" என்றாள். சின்ன அடுக்கை எடுக்க வேண்டும் என்ற விதி முழுக்க இவ்வளவுதான்.

மூன்று நண்பர்கள் ஆளுக்குச் சமமாகப் பணம் போட்டு ஏதாவது வாங்கப் போகிறார்கள், கையில் 50, 30, 80 ரூபாய் இருக்கிறது என்றால் ஆளுக்கு 30-க்கு மேல் போட முடியாது. அதே நியாயம்தான் இங்கும்.

பெரிய அடுக்கை எடுத்தால் கிடைப்பது மீச்சிறு பொது மடங்கு, அதாவது மீ.பொ.ம. இந்தக் கணக்கில் அது 36க³ச⁵. இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்துவதால் மாறிப்போவது இயல்பு. குழப்பமாக இருந்தால் இரண்டையுமே கண்டுபிடித்துப் பெருக்கிப் பாருங்கள். 6க²ச² × 36க³ச⁵ = 216க⁵ச⁷. உறுப்புகளைப் பெருக்கினாலும், 12க³ச² × 18க²ச⁵ = 216க⁵ச⁷. ஒத்துப்போகிறது. இந்தச் சோதனை இரண்டு உறுப்புகளுக்கு மட்டும்தான் செல்லும். மூன்று உறுப்புகள் இருந்தால் இதை நம்பாதீர்கள்.

அடைப்புக்குறிக்குள் இன்னும் பொதுவாக ஏதோ இருக்கிறது

மேலே அதிகம் எடுத்தோம், இங்கே குறைவாக எடுத்திருக்கிறோம். இது சின்னக் கோளாறு. அழிக்கவே வேண்டாம்.

24க⁴ச² + 36க³ச³ + 60க⁵ச² என்பதில் 6க²ச-வை வெளியே எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

6க²ச (4க²ச + 6கச² + 10க³ச)

உள்ளே பாருங்கள். 4, 6, 10 மூன்றுமே இரட்டைப்படை. மூன்றிலும் க இருக்கிறது, ச-வும் இருக்கிறது. 2கச இன்னும் பொதுவாக உட்கார்ந்திருக்கிறது. அதையும் வெளியே எடுத்து, முன்பு எடுத்ததோடு பெருக்குங்கள்: 6க²ச × 2கச = 12க³ச². உள்ளே 2க + 3ச + 5க² மட்டும் நிற்கும். சரி, முடிந்தது.

ஒரே தடவையில் முழு மீ.பொ.வ-வைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. இரண்டு மூன்று தவணையாக எடுத்தாலும் பெருக்கினால் அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். பயப்படும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வதே இதைத்தான்: தெரிந்ததை எடு, வகு, உள்ளே பார், இன்னும் இருந்தால் எடு.

எழுத்துகள் சரி, எண் மட்டும் உதைக்கிறது

8க³, 12க² என்று கொடுத்தால் 8க² என்று விடை வரும். அடுக்கில் சின்னது எடுத்தோமே, எண்ணிலும் சின்னது எடுக்கலாம் என்று கை தானாகப் போயிருக்கும். 12-ஐ 8-ஆல் வகுத்தால் ஒன்றரை. உள்ளே 3/2 என்று வந்து நிற்கும்.

இங்கே ஒரு அழகான விஷயம் இருக்கிறது. எண்ணுக்கு ஒரு விதி, எழுத்துக்கு ஒரு விதி என்று இரண்டு கிடையாது. எண்ணைப் பகாக் காரணிகளாக உடைத்தால் அதற்கும் அடுக்கு வந்துவிடும். 8 = 2³, 12 = 2² × 3. இப்போது 2-இன் சின்ன அடுக்கு 2, எனவே 2² = 4. 3 என்பது 8-இல் இல்லை, விட்டுவிடலாம். மீ.பொ.வ 4க². எழுத்து ஏற்கெனவே உடைந்த நிலையில் வருகிறது, எண் உடையாமல் மூட்டையாக வருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

உடைக்கச் சிரமமான எண் வந்தால்? 91க⁴ச, 117க²ச³ என்று ஒரு கணக்கு. 91-ஐப் பார்த்ததும் பாதிப் பேர் அது பகா எண் என்று முடிவு கட்டி, பொது எண் 1 என்று எழுதிவிடுவார்கள். கழித்துப் பாருங்கள். 117 − 91 = 26. இரண்டு எண்ணையும் வகுக்கும் எதுவும் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே தீரும். அப்படியானால் 26-இன் காரணிகளான 1, 2, 13, 26 இவற்றைத் தவிர வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 91 ஒற்றைப்படை, அதனால் 2-உம் 26-உம் போயிற்று. 13-ஆல் 91 போகிறது, ஏழு தடவை. 117-உம் போகிறது, ஒன்பது தடவை. மீ.பொ.வ 13க²ச, உள்ளே 7க²-உம் 9ச²-உம்.

இன்னும் பெரிய எண்களுக்கு இதே யோசனையை வகுத்தலாகச் செய்யலாம். 252-க்கும் 198-க்கும் வேண்டுமா? 252-ஐ 198-ஆல் வகுத்தால் மீதி 54. 198-ஐ 54-ஆல் வகுத்தால் மீதி 36. 54-ஐ 36-ஆல் வகுத்தால் மீதி 18. 36-ஐ 18-ஆல் வகுத்தால் மீதி இல்லை. மீ.பொ.வ 18. எங்கும் காரணிப்படுத்தவே இல்லை, கவனித்தீர்களா? கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிவைத்த முறை இது. பத்தாம் வகுப்பில் அவர் பெயரிலேயே படிப்பீர்கள். கி.பி. 499-இல் ஆரியபட்டர் தந்த குட்டகம் என்ற முறையிலும் இப்படி மாற்றி மாற்றி வகுப்பதுதான் அடிப்படை. இவ்வளவு காலமாக இது தாக்குப்பிடித்து நிற்பதற்குக் காரணம் இதன் எளிமைதான் என்று நினைக்கிறேன். எட்டாவது படிக்கும் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஓர் உறுப்பில் மட்டும் எழுத்து கீழே போகிறது

மற்ற உறுப்புகள் எல்லாம் ஒழுங்காக வகுபட்டு, ஒன்று மட்டும் பின்னமாகிறது என்றால், அந்த உறுப்பில் இல்லாத எழுத்தை எடுத்திருக்கிறீர்கள். 15க²ச³, 25ச²ப, 10க³ச இவற்றுக்கு 5க²ச என்று எழுதினால் நடு உறுப்பு இடிக்கும், ஏனென்றால் அதில் க-வே இல்லை. மூன்றில் இரண்டில் இருந்தால் போதாது.

இதற்கு ஒரு வழி: இல்லாத எழுத்துக்கு அடுக்கு 0 என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். க⁰ என்றால் 1, அதனால் உறுப்பின் மதிப்பு மாறாது. க-வின் அடுக்குகள் 2, 0, 3. சின்னது 0. க வெளியே வராது. ச-வின் அடுக்குகள் 3, 2, 1. சின்னது 1. ப-வின் அடுக்குகள் 0, 1, 0. அதுவும் வராது. 15, 25, 10 இவற்றுக்கு 5. ஆக 5ச. தனி விதி எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள், சின்ன அடுக்கு என்ற ஒரே விதியே இதையும் பார்த்துக்கொண்டது.

ஆனால் இதையே தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. 8க, 12க⁴ என்றால், முதல் க-வுக்கு மேலே எதுவும் எழுதவில்லையே, அப்போது அடுக்கு 0 என்று நினைத்து 4 என்று மட்டும் விடை எழுதுவார்கள். எழுத்து கண்ணில் பட்டால் அடுக்கு குறைந்தது 1. எழுத்தே இல்லாவிட்டால்தான் 0. சரியான விடை 4க.

உள்ளே ஓர் உறுப்பு குறைகிறது

6க²ச + 3க² என்பதை 3க²(2ச) என்று எழுதியிருப்பீர்கள். 3க²-ஐ 3க²-ஆல் வகுத்ததும் "அடிபட்டுப் போச்சு" என்று விட்டுவிட்டீர்கள். அடிபட்டால் மிஞ்சுவது 1, பூச்சியம் கிடையாது. 3க²(2ச + 1) என்பதே சரி. கண்டுபிடிக்க எளிய வழி, எண்ணுவது. வெளியே எடுக்கும் முன் எத்தனை உறுப்பு இருந்ததோ, எடுத்த பின் உள்ளேயும் அத்தனை இருக்க வேண்டும்.

கெழு எதனுடனும் பொருந்தவில்லை, உறுப்பில் அடைப்புக்குறி இருக்கிறது

(2க²)³, 12க⁵ என்று கொடுத்திருந்தால் வெளி அடுக்கை முதலில் உள்ளே இறக்குங்கள். 2-க்கும் அந்த 3 உண்டு, க²-க்கும் உண்டு. 8க⁶ ஆகும். அப்புறம்தான் 12க⁵-உடன் ஒப்பிட வேண்டும். மீ.பொ.வ 4க⁵, ஈவுகள் 2க, 3. பெரும்பாலும் 2-ஐ அப்படியே விட்டு 2க⁶ என்று எழுதியிருப்பார்கள், அல்லது அடுக்குகளைப் பெருக்காமல் கூட்டி க⁵ ஆக்கியிருப்பார்கள். எண்ணும் எழுத்தும் அடைப்புக்குறிக்குள் சேர்ந்து இருந்தால் அந்த அடுக்கு இருவருக்கும் பங்கு.

குறி மட்டும் மாறியிருக்கிறது

−6க³ − 9க² என்பதில் மீ.பொ.வ கேட்டால் 3க² என்று நேர்க்குறியோடு எழுதுவதே வழக்கம். காரணிப்படுத்தச் சொன்னால் −3க²-ஐ வெளியே எடுத்து −3க²(2க + 3) என்று எழுதினால் உள்ளே பார்க்கச் சுத்தமாக இருக்கும். குறைக்குறியை வெளியே எடுத்தால் உள்ளே ஒவ்வொரு உறுப்பின் குறியும் மாற வேண்டும். முதல் உறுப்புக்கு மட்டும் மாற்றிவிட்டு மறந்துபோவதுதான் இங்கே நடக்கிறது.

கோவைகளில் பொதுவாக எதுவுமே தெரியவில்லை

இது கொஞ்சம் மேல் வகுப்புச் சமாச்சாரம். க² − 4, க² − 4க + 4 என்று இரண்டு கோவைகள். மேலோட்டமாகப் பார்த்து க², 4 இரண்டிலும் இருப்பதால் அவற்றை எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கூட்டல், கழித்தலால் இணைந்தவை காரணிகள் ஆகா. பெருக்கலால் இணைந்தவற்றைத்தான் வெளியே எடுக்க முடியும். க + 2, க + 3 இரண்டிலும் க தெரிகிறது, ஆனால் அவற்றுக்குப் பொதுக் காரணி 1 மட்டுமே. க-வுக்கு 10 போட்டால் 12, 13. பத்தால் எதையாவது வகுக்க முடிகிறதா?

எனவே முதலில் இரண்டையும் பெருக்கல் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

க² − 4 = (க − 2)(க + 2)
க² − 4க + 4 = (க − 2)²

இனி (க − 2) என்பதை ஓர் எழுத்தாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்குகள் 1, 2. சின்னது 1. (க + 2) இரண்டாவதில் இல்லை, அடுக்கு 0. மீ.பொ.வ க − 2.

சரிபார்க்க க = 10 போடுங்கள். கோவைகள் 96, 64 ஆகின்றன. க − 2 என்பது 8. இரண்டும் எட்டால் போகின்றன, சரி. ஆனால் 96-க்கும் 64-க்கும் மீ.பொ.வ 32 அல்லவா என்று ஒரு பையன் மடக்கினான். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எண்ணைப் போட்டதும் ஈவுகள் 12, 8 ஆகின்றன. அவற்றுக்குள் தற்செயலாக ஒரு 4 பொதுவாக அமைந்துவிட்டது. க = 11 போட்டால் கோவைகள் 117, 81. மீ.பொ.வ 9. க − 2 என்பதும் 9. ஆகவே எண் போட்டுப் பார்ப்பது, நம் விடை வகுக்கிறதா என்று சோதிக்க மட்டும். வகுக்கவில்லை என்றால் விடை நிச்சயம் தப்பு. வகுத்தால் மட்டும் விடை முழுமை என்று ஆகிவிடாது.

கொடுத்த உறுப்பிலேயே குறையெண் அடுக்கு இருக்கிறது

பதினொன்றாவது, பன்னிரண்டாவதில் 6க⁻² + 9க³ மாதிரி வரும். விதி மாறாது, சின்ன அடுக்குதான். −2, 3 இரண்டில் சின்னது −2. வெளியே 3க⁻², உள்ளே 2 + 3க⁵. இந்த 5 எப்படி வந்தது? 3-இலிருந்து −2-ஐக் கழித்தால் 5. க⁻⁵, க⁻² இரண்டும் வந்தால் சின்னது −5. அதை மட்டும் அவசரத்தில் மாற்றிவிடாதீர்கள்.

மேலே சொன்ன பல தப்புகளும் ஒரே இடத்தில் வரக்கூடிய கணக்கு ஒன்று:

54க³ச²(க − ச), 36க²ச(ச − க)², 90க⁴ச(க − ச)³

நடுவில் குறி திரும்பி இருக்கிறது. இருமடி என்பதால் (ச − க)²-உம் (க − ச)²-உம் ஒன்றுதான், அப்படியே மாற்றிக்கொள்ளலாம். எண்கள் 2 × 3³, 2² × 3², 2 × 3² × 5. சின்ன அடுக்குகளை எடுத்தால் 2 × 3² = 18. க-வின் அடுக்குகள் 3, 2, 4. ச-வின் அடுக்குகள் 2, 1, 1. (க − ச)-வின் அடுக்குகள் 1, 2, 3. மீ.பொ.வ 18க²ச(க − ச). வகுத்தால் ஈவுகள் 3கச, 2(க − ச), 5க²(க − ச)². பின்னம் இல்லை, அதிகம் எடுக்கவில்லை. மூன்று உறுப்புக்கு மூன்று ஈவு, எதுவும் விழவில்லை. 3, 2, 5 என்ற எண்களில் பொதுவாக எதுவும் இல்லை. முதல் ஈவில் (க − ச) இல்லை. நடு ஈவில் க தனிக் காரணியாக இல்லை, ச-வும் இல்லை. எடுக்க இனி எதுவும் மிச்சமில்லை.